தாடை வலி என்றுதான் நினைத்தார்கள்

யோருன் தட்டைத் தள்ளி வைத்த முதல் நாள் அவள் கணவர் ஹால்வருக்குக் கோபம்தான் வந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை அது. உப்புப் போட்டுக் காயவைத்த ஆட்டு விலாவை ஊறவிட்டு, சட்டியின் அடியில் பிர்ச் மரக் குச்சிகளை அடுக்கி, அதன்மேல் வைத்து மதியத்திலிருந்து ஆவியில் வேகவைத்திருந்தார். எலும்பைத் தூக்கினால் கறி தானாகக் கழன்று விழ வேண்டும். விழுந்தது. கரையோரச் சரக்குக் கப்பல்களில் ஆயுசு முழுக்கச் சமைத்த மனிதர் அவர். கப்பல் படுத்து எழுந்த புயல் நாட்களில்கூட மாலுமிகள் அவர் சமையலை மிச்சம் வைத்ததில்லை. யோருன் நாலைந்து வாய் சாப்பிட்டாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். மறுபடி இரண்டு வாய். அப்புறம் தட்டைத் தள்ளிவிட்டாள்.

"கறி கட்டையா இருக்கு, ஹால்வர்."

"கறி நல்லாத்தான் இருக்கு. உனக்குத்தான் பல்லு போயிருச்சு," என்றார் அவர்.

மிச்சத்தை அவரே சாப்பிட்டார். பண்டிகை நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஜனவரியிலும் அப்படித்தான். மாட்டிறைச்சி வைத்தால் பாதியில் நிறுத்தினாள். முறுகல் ரொட்டியை காபியில் முக்கித் தின்றாள். தன் கைப்பக்குவம் போய்விட்டது, அதைச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். வலி என்று அவள் வாய்விட்டுச் சொன்னது பிப்ரவரியில். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"அந்தப் பழைய பாவி திரும்ப வந்துட்டான். இந்தத் தடவை ரெண்டு பக்கமும் வந்திருக்கான்."

பழைய பாவி என்றது அவளுடைய தாடை மூட்டை. இளம் வயதிலிருந்தே கொட்டாவி விட்டால் இடது காதுக்கு முன்னால் 'டக்'கென்று சத்தம் கேட்கும். எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கே கேட்கும். யோருன் பால் லாரி ஓட்டியவள். நார்வேயின் வடகரையில், கடல் உள்ளே புகுந்து மலைகளுக்கு நடுவே நீண்டு கிடக்கிற இடங்களில், பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றி வந்தவள். பனி உறைந்த மலைப்பாதையில் சறுக்கும் வண்டியைப் பிடித்து நிறுத்தப் பல்லைக் கடித்துக் கடித்தே தாடை இப்படி ஆகிவிட்டது என்பாள். ஒரு காலத்தில் வலி அதிகமாகி, வாய் ஒரு விரலுக்குமேல் திறக்காமல் பூட்டிக்கொண்டது. அப்போது பல் மருத்துவர் தெர்யே இரவில் மாட்டிக்கொள்ள ஒரு தகடு செய்து கொடுத்தார். கண்ணாடிபோல் தெளிவான பிளாஸ்டிக் தகடு. சில மாதத்தில் வலி போயிற்று, சத்தம் மட்டும் மிஞ்சியது. அதனால் இப்போது வந்த வலிக்குப் பேர் தேட வேண்டிய அவசியமே யாருக்கும் இருக்கவில்லை.

அவர்கள் வீடு கடல்நீரின் கடைசி முனையில், சாலை முடிகிற இடத்தில் இருந்தது. கடைக்கும் பல் மருத்துவரிடமும் போக ஒரு மலையைத் தாண்ட வேண்டும். ஹால்வருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சின்ன வயதில் வலிப்பு வந்ததால் உரிமம் கொடுக்க மறுத்தார்கள். பிறகு வலிப்பு நின்றுபோனாலும் அவர் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. பிள்ளைகளும் இல்லை. வீட்டுக்கு வெளியே எங்கே போவதென்றாலும் யோருன் ஓட்டுவாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆப்பிள் நறுக்கிக் கொடுப்பார்.

தெர்யே அக்கறையான மனிதர். அவருடைய அப்பாவின் பண்ணையிலிருந்து யோருன் பால் ஏற்றியிருக்கிறாள். அவளை நாற்காலியில் சாய்த்து, இரண்டு காதுகளுக்கு முன்னாலும் விரலை வைத்து வாயைத் திறந்து மூடச் சொன்னார். 'டக்' சத்தம் இருந்தது. எக்ஸ்ரே படத்தில் மூட்டு தேய்ந்திருந்தது. கன்னத் தசையை அழுத்தினார், வலித்தது. நெற்றிப்பொட்டை அழுத்தினார், அவள் அவர் கையைத் தட்டிவிட்டாள். கடிக்கிற தசை அங்கேவரை விசிறிபோல் விரிந்து போகிறது, அதனால் அங்கேயும் வலிக்கும் என்று அவர் விளக்கினார். அது உண்மையும்கூட. கத்தி வைக்க வேண்டியதில்லை, பெரும்பாலான தாடை மூட்டுகளைத் தொந்தரவு செய்யாமல் விட்டால் அவையே ஆறிவிடும் என்றார். புதுத் தகடு அளவெடுத்தார். மெத்தென்ற சாப்பாடு, காலையும் மாலையும் சுடுதுணி ஒத்தடம், விரலால் வட்டமாகத் தேய்ப்பது, வாயைப் பெரிதாகத் திறக்காமல் இருப்பது, சாப்பிடாத நேரத்தில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாமல் பார்த்துக்கொள்வது. எல்லாம் சரியான யோசனைகள். வலி தாடை மூட்டில் இருந்திருந்தால் எல்லாமே பலித்திருக்கும்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஹால்வர் ஆப்பிளை நறுக்கியபடியே இருந்தார். கைப்பக்குவம் கெடவில்லை, அவள்தான் வலியோடு மென்றிருக்கிறாள் என்பதில் நிம்மதியும் வெட்கமும் சேர்ந்து வந்தன. மறுநாளிலிருந்து சமையலே மாறிப்போனது. காட் மீனை அரைத்து உருண்டை பிடித்தார். கேரட்டையும் உருளைக்கிழங்கையும் மசித்து வெண்ணெய் சேர்த்தார். பாலில் குழைய வேகவைத்த அரிசிக் கஞ்சியில் இலவங்கப்பட்டை தூவினார். துண்டை வெந்நீரில் முக்கிப் பிழிந்து அவள் கன்னத்தில் வைத்தார். அவள் சோபாவில் சாய்ந்திருக்க, பின்னால் நின்று இரண்டு கன்னங்களையும் விரல் நுனியால் தேய்த்துவிட்டார். "கப்பல்ல ரொட்டி மாவு பெசஞ்ச கையி, மெதுவா," என்பாள் அவள்.

வலி குறைந்தது. தெர்யேயிடம் போன் செய்து சொன்னார்கள், அவருக்கும் சந்தோஷம். மெல்லுகிற வேலையே இல்லாததால்தான் வலிக்கவில்லை என்பது மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மார்ச் மாதம் யோருன் முடியை வெட்டிக்கொண்டு வந்தாள். இடுப்புவரை தொங்கும் பின்னல், நரைத்த பிறகும் அவள் விடாமல் வைத்திருந்தது. ஹால்வர் அவளைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, செம்மறிகூட வெட்டினதுக்கப்புறம் இதைவிட நல்லா இருக்கும் என்று கேலி செய்தார். சீப்பு பட்டாலே தலைத்தோல் எரிகிறது, தலையணையில் சாய்ந்தாலும் அப்படித்தான் என்று அவள் சொன்னாள். கம்பளித் தொப்பியின் வேலை என்று இருவரும் முடிவு கட்டினார்கள். காலையில் தோளைத் தூக்க முடியாமல் அவள் சட்டை மாட்டத் திணறியது பனி வாரிக் கொட்டியதால். இளைத்துப் போனது கஞ்சி குடித்ததால். சாயங்காலத்தில் உடம்பு லேசாகச் சுட்டது அடுப்புப் பக்கம் உட்கார்ந்ததால். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கையருகே கிடைத்தது. தலைமுடியைப் பற்றிப் பல் மருத்துவரிடம் யார் போய்ச் சொல்வார்கள்?

ஏப்ரல் கடைசியில் ஒரு மத்தியானம். கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. யோருன் கெட்டிலோடு மேஜைக்கு வந்தவள், காபியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினாள். அப்படியே நின்றாள். வலது கண்ணில் மேலிருந்து சாம்பல் நிறத்தில் ஏதோ இறங்கி மூடியது என்றாள். உட்கார்ந்தாள். ஒரு பாட்டு பாடி முடிக்கும் நேரத்தில் அது விலகிவிட்டது.

"கண்ணாடியத் தொடை, யோருன். அதுல மீன் செதில்கூட ஒட்டியிருக்கும்," என்றார் ஹால்வர், மேஜையைத் துடைத்துக்கொண்டே.

அவள் கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உண்மையிலேயே அழுக்காக இருந்தது. இருவரும் சிரித்தார்கள். கோடையில் நகரத்துக்குப் போகும்போது புதுக் கண்ணாடி வாங்கிக்கொள்ளலாம் என்று பேச்சு முடிந்தது.

அதற்கு அடுத்த வாரம் ஒரு காலையில் அவள் படுக்கையில் உட்கார்ந்தபடியே அவரைக் கூப்பிட்டாள். குரலில் பதற்றமே இல்லை. வலது கண்ணை மூடினால் ஜன்னல் தெரிகிறது, இடது கண்ணை மூடினால் ஒன்றுமே தெரியவில்லை என்றாள். அவர் அவள் முன்னால் கையை ஆட்டினார். "ஆட்டறியா?" என்று கேட்டாள்.

ஆம்புலன்ஸ் மலையைத் தாண்டி வந்து சேர்வதற்குள் அவர் மூன்று பைகளில் துணி அடுக்கிவிட்டார், எது யாருடையது என்றுகூடப் பார்க்காமல். போகும் வழியில் யோருன் படுத்தபடி, ஏற்றத்தில் ஓட்டுநர் கியரைத் தப்பாக மாற்றுகிறான் என்று குறை சொன்னாள். ஹால்வர் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவளை யாரோ ஓட்டிக்கொண்டு போவதை அவர் அதற்குமுன் பார்த்ததேயில்லை.

நகரத்து மருத்துவமனையில் கண் மருத்துவர் ஒரு இளம்பெண், பேர் சுன்னிவா. கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண்ணைப் பற்றி அவள் கேட்கவில்லை.

"சாப்பிடும்போது தாடை வலிக்குதா?"

தாடை மூட்டுத் தொந்தரவு, பழசு, அதற்குத் தகடு போட்டிருக்கிறேன் என்றாள் யோருன்.

"வாயத் திறந்த உடனே வலிக்குதா, இல்ல கொஞ்சம் மென்னதுக்கப்புறமா?"

யோருன் யோசித்தாள். மென்ற பிறகுதான். நிறுத்தினால் போய்விடும், மறுபடி மென்றால் மறுபடி வரும். மலையேறும்போது கெண்டைக்கால் கடுப்பதுபோல. தலை வாரினால் வலிக்கிறதா என்று சுன்னிவா கேட்டாள். வெட்டிவிட்ட முடியை யோருன் தடவிப் பார்த்துக்கொண்டாள். தோள்பட்டை, காய்ச்சல், எடை என்று ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, யோருன் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹால்வருக்கு, தன் வீட்டுக்குள் குளிர்காலம் முழுக்க யாரோ ஒருவன் நடமாடியிருக்கிறான், தான் அவனுக்கும் சேர்த்துச் சமைத்துப் போட்டிருக்கிறோம் என்று தோன்றியது.

"இதுக்கு முன்னாடி எப்பவாவது கண்ணு மங்கலாச்சா? கொஞ்ச நேரம் இருட்டி அப்புறம் சரியாச்சா?"

யோருன் அவர் பக்கம் திரும்பவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "இல்ல," என்றாள்.

ஹால்வர் வாயைத் திறந்தார். அதற்குள் சுன்னிவா எழுந்துவிட்டாள், நர்ஸ் ஊசியோடு வந்துவிட்டாள்.

மூட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை என்று சுன்னிவா பிறகு விளக்கினாள். நெற்றிப்பொட்டு வழியாகப் போகும் ரத்தக் குழாய்கள் வீங்கி உள்ளுக்குள் அடைத்துக்கொள்ளும் நோய் இது. வயதானவர்களுக்கு வரும், அதிலும் இந்த வடக்கு நாடுகளில் அதிகம். மெல்லுகிற தசைக்கு ரத்தம் போதாமல்தான் வலித்திருக்கிறது. கண்ணுக்குப் போகும் குழாயும் அதேபோல அடைத்துவிட்டது. போன பார்வை அநேகமாகத் திரும்பாது. இப்போது செய்வதெல்லாம் இன்னொரு கண்ணைக் காப்பாற்றத்தான். ஸ்டீராய்டு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ரத்தத்தில் ஏற்றினார்கள். நெற்றிப்பொட்டில் சிறிதாகக் கீறி, குழாயின் ஒரு துண்டை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

மருந்து முழுதாக வேலை செய்வதற்குள் இடது கண்ணிலும் நோய் கை வைத்துவிட்டது. மறுநாள் காலையில் அந்தக் கண்ணின் கீழ்ப்பாதி போயிருந்தது. அதோடு நின்றுகொண்டது. யோருனுக்கு ஜன்னல் வழியே மலை உச்சியும் அதன்மேல் மிச்சமிருந்த பனியும் தெரிந்தன. மலைக்குக் கீழே ஓடும் சாலை தெரியவில்லை. எதிரில் நிற்பவரின் முகம் தெரிந்தது. தட்டு தெரியவில்லை.

ஆனால் தாடை வலி போய்விட்டது. அத்தனை மாதம் ஒத்தடமும் தகடும் தீர்க்காத வலி, மருந்து ஏறிய மூன்றாம் நாள் இருந்த இடம் தெரியவில்லை. அந்த மருந்து பசியையும் கிளப்பும். மத்தியானம் வந்த மாட்டிறைச்சித் துண்டை யோருன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ரொட்டியின் முறுகிய ஓரத்தைக் கடித்தாள், அதன் மொறுமொறுப்பு அறை முழுக்கக் கேட்டது. முள்கரண்டி தட்டைத் தேடி மேஜையில் இடறியது. ஹால்வர் கறியை நறுக்கி, கரண்டியில் குத்தி அவள் கையில் கொடுத்தார். கிறிஸ்துமஸிலிருந்து அவர் பார்க்க ஏங்கிய காட்சி அது. நிறுத்தாமல் மென்றாள். கன்னத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. அவர் நறுக்கிக்கொண்டே இருந்தார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை, துடைத்தால் அவள் கவனித்துவிடுவாள்.

தெர்யே ஒரு சனிக்கிழமை வந்தார். வெறுங்கையோடு வந்து கட்டில் பக்கத்தில் நின்றார். உட்காரச் சொன்ன பிறகும் நின்றார்.

"எனக்குத் தெரிஞ்சிருக்கணும்," என்றார். "எழுபதுக்கு மேல, ரெண்டு பக்கமும், மெல்லும்போது மட்டும் வர்ற வலி. படிச்சிருக்கேன். அந்தச் சத்தத்தக் கேட்டதும் வேற எதையும் யோசிக்காம விட்டுட்டேன்."

"அந்தச் சத்தம் என்னையும்தான் ஏமாத்திருச்சு," என்றாள் யோருன்.

அவர் இன்னும் ஏதோ எதிர்பார்த்து நின்றார். யோருன் அவருடைய முகத்தைப் பார்ப்பதற்காகத் தலையைத் தாழ்த்தி, கண்ணில் மிச்சமிருந்த மேல்பாதியால் நோக்கினாள்.

"பரவாயில்லன்னு நான் சொல்ல மாட்டேன், தெர்யே. இன்னும் சொல்ல வரல. இனிமே என் வயசுல யாராவது தாடைன்னு வந்து உக்காந்தா, தலை வாரினா வலிக்குதான்னு கேளு. அது போதும்."

தெர்யே தலையாட்டினார். வாசல்வரை ஹால்வர் கூடவே போனார். தெர்யேயின் தோளில் கை வைத்தார். அவரைத் தேற்ற வைத்த கையா, தான் பிடித்துக்கொள்ள வைத்த கையா என்று அவருக்கே தெரியவில்லை. பல் மருத்துவருக்குக் கண் இருட்டிய சேதி தெரியாது. யோருனைத் தவிர அது தெரிந்த ஒரே ஆள் ஹால்வர்தான்.

அறைக்குத் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கண்ணு இருட்டினத நீ என்கிட்ட சொன்ன," என்றார்.

"சொன்னேன்."

"டாக்டர் கேட்டப்ப இல்லன்ன."

"அந்தப் பொண்ணு முன்னாடி நீ எதுக்குத் தலை குனியணும்?"

"அன்னைக்கே வந்திருந்தா..."

"தப்பிச்சிருக்கும்," என்றாள் யோருன். சுற்றி வளைக்கவில்லை. "நானும் அதத்தான் நெனச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன். ஆனா கார் சாவி என் பையிலதான இருந்துச்சு, ஹால்வர்? உன்னக் கேட்டுட்டா நான் எங்கயும் போயிருக்கேன்? பயமா இருந்துச்சு. நீ கண்ணாடின்ன உடனே சரின்னு ஒட்டிக்கிட்டேன்."

அவர் அழுதார். அவள் அழவில்லை. காற்றில் கையை நீட்டி அவருடைய முழங்காலைத் தேடிக் கண்டுபிடித்து அங்கேயே வைத்துக்கொண்டாள். பாரத்தில் பாதியைத் தான் எடுத்துக்கொள்ளத்தான் அப்படிச் சொன்னாள் என்று அவருக்குப் புரிந்தது. ஆனால் அது பாதியாகவில்லை. இருவரிடமும் முழுசு முழுசாகவே இருந்தது.

கோடையில் காரை விற்றார்கள். ஓட்ட ஆளில்லாத வீட்டில், சாலை முடிகிற இடத்தில், இருவரும் எப்படி இருப்பது? இலையுதிர் காலத்துக்குள் வீட்டையும் பூட்டி வேறு கைக்குக் கொடுத்துவிட்டு, மருத்துவமனைக்கு நடந்து போகிற தூரத்தில் நகராட்சி கொடுத்த இரண்டாம் மாடி வீட்டுக்கு வந்தார்கள். ரத்தப் பரிசோதனைக்கு அடிக்கடி போக வேண்டியிருந்தது. மாத்திரையை மெல்ல மெல்லத்தான் குறைக்க முடியும், அவசரப்பட்டால் நோய் திரும்பும், மிச்சமிருக்கிற பாதிக் கண்ணும் போகும் என்று சுன்னிவா எச்சரித்திருந்தாள். காலையில் மாத்திரையை அவர் எடுத்துக் கொடுப்பார், அவள் விரலால் தடவி அளவைச் சரிபார்த்துவிட்டு விழுங்குவாள்.

புது வீட்டின் அடுப்பு மின்சார அடுப்பு. ஹால்வருக்கு அது பிடிபடவேயில்லை. கறி உண்மையிலேயே சில நாள் கட்டையாக இருந்தது. யோருன் மென்றாள், ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் பேச்சில் கேலி குறைந்துபோயிருந்தது. ஏதாவது சொல்ல வாயெடுத்தால், சொல்லலாமா என்று அவருக்குள் ஒரு தடை. அவளுக்கும் அது தெரிந்தது. வண்டிகள் மேடேறும் சத்தம் கீழே தெருவில் கேட்கும்போதெல்லாம் அவளுடைய வலது கை மடியில் கியர் மாற்றுவதுபோல லேசாக அசையும். அதைப் பார்க்காததுபோல அவர் ஜன்னல் பக்கம் போய்விடுவார்.

நவம்பரில் சூரியன் தென்மலைக்குப் பின்னால் இறங்கி, பகலிலேயே விளக்குப் போட வேண்டிய காலம் வந்தது. ஒரு நாள் குளியலறைக் கண்ணாடி முன்னால் யோருன் வெகுநேரம் நின்றாள். நெற்றியும் புருவமும் அவளுக்குத் தெரிந்தன, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. தலையைத் தாழ்த்தினால் கண்ணாடியில் முகமும் கூடவே தாழ்ந்தது. கன்னத்தைத் தொட்டு அழுத்தினாள்.

"ஹால்வர், இங்க வா. இந்த மாத்திரை சாப்பிட்டா மூஞ்சி நெலா மாதிரி ஆயிரும்னு ஆஸ்பத்திரியில பேசிக்கிட்டாங்க. ஆயிருச்சா?"

அவர் வாசலில் நின்று பார்த்தார். அவளுடைய கூரான தாடை எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கன்னங்கள் உப்பி, கண்கள் சிறுத்து, வேறு யாரோ ஒரு பெண்மணிபோல இருந்தாள். இல்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினார்.

"ஆயிருச்சு," என்றார். "நல்லாவே ஆயிருச்சு."

யோருன் கன்னத்திலிருந்து கையை எடுத்தாள்.

"அப்படின்னா வெளிய போகும்போது அந்தப் பெரிய மப்ளர எடு," என்றாள். "ஊரெல்லாம் பாக்க வேண்டாம்."

அவர் மப்ளரை எடுத்து அவள் கழுத்தில் சுற்றி, உப்பிய கன்னங்களைப் பாதிவரை மூடிவிட்டார். பிறகு அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் 'படி' என்று சொல்லிச் சொல்லி, மெதுவாகக் கீழே இறங்கினார்கள்.